சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கு: உங்களுக்கு மறக்காமல் நிற்பது எது?

பதிவு 1

அடிபிடிக்கிற கதை எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாணலியில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. சுரண்டலாம் என்று கரண்டியை எடுத்தேன். "சும்மா இரு, அதுவே விடும்" என்று அக்கா கரண்டியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டார். எனக்குக் கை பரபரத்தது. முதலில் ஈரம் கொதிக்கிற சளசளப்பு. பிறகு அது அடங்கி, சன்னமாகப் பொரிகிற சத்தம் மட்டும். அந்த நேரம் பார்த்து வாணலியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பசை போட்டதுபோல் இருந்த துண்டுகள் மொத்தமாக வழுக்கி நகர்ந்தன! அடிப்பக்கம் பொன்னிறம், வாணலியில் ஒரு துணுக்குகூட இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2

எனக்கு நடந்தது வேறு. ஃப்ரிட்ஜில் பல நாள் கிடந்த கிழங்கு. எப்போதும் வைக்கிற தீதான், எண்ணெயும் அதேதான். போட்ட கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் கரும்பழுப்பு. ஒன்றை எடுத்துக் கடித்தால் உள்ளே நறுக்கென்று இருக்கிறது, வேகவே இல்லை. வெளியே கசப்பு, உள்ளே ஒரு இனிப்பு. அந்த இனிப்புதான் என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் புரிந்தது: ஃப்ரிட்ஜ் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சூடு பட்டதும் அந்தச் சர்க்கரைதான் சீக்கிரம் கறுக்கிறது. அக்ரிலமைடு என்கிற, உடம்புக்கு நல்லதல்லாத பொருளும் கூடுதலாக உண்டாகலாம். இப்போது கிழங்குக்கு இடம் காற்றோட்டமுள்ள இருட்டு மூலைதான்.

பதிவு 3

முதல் பதிவை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. காத்திருந்தால் மட்டும் ஒட்டாமல் போய்விடாது. அக்கா துண்டுகளை அலசினாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

ஒரே கிழங்கை நறுக்கி, பாதியை அலசி, பாதியை அப்படியே போட்டுப் பார்த்தேன். அலசாதது ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பிரிக்கவே வரவில்லை. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து மாவுச்சத்து கசிகிறது, சூட்டில் அதுதான் கூழாகி ஒட்டுகிறது. அதனால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்குவது நிற்கும்வரை அலசுங்கள். நறுக்கியதை உடனே அடுப்பில் போடவில்லையென்றால் தண்ணீரிலேயே இருக்கட்டும், காற்று பட்டால் நிறம் மாறும். அப்புறம் முக்கியமானது, துணியில் பரப்பி ஒற்றி எடுப்பது. மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்குள், எல்லாம் ஒரே அளவு. ஒரே அடுக்காகப் பரப்புங்கள், மேலே மேலே குவித்தால் ஆவியில் வெந்துவிடும். மூடி போடுவதென்றால் ஆரம்பத்தில் மட்டும். உப்பு தண்ணீரை இழுக்கும், கடைசியில் தூவுங்கள். பச்சை ஏறிய பகுதியைத் தோலோடு ஆழமாகச் சீவி எறியுங்கள், அதிலுள்ள சோலனைன் என்கிற நச்சு வேகவைத்தாலும் போகாது.

பதிவு 4 (முதல் பதிவு எழுதியவர்)

அலசித்தான் இருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத்துணி கிடந்தது. ஆனாலும் முதலில் ஒட்டத்தான் செய்தது, பொறுத்திருந்ததால்தான் விட்டது.

பதிவு 5

அலசி மாவை எடு என்கிறீர்கள். நான் பார்த்தது நேர்மாறு. தம்பி இரண்டு லிட்டர் தண்ணீரில் அரை தேக்கரண்டி சமையல் சோடா போட்டுத் துண்டுகளை வேகவைத்தான். வடித்து, எண்ணெய் விட்டு, பாத்திரத்தை மூடிப் படபடவென்று குலுக்கினான். திறந்தால் ஒவ்வொரு துண்டின் மேலும் கெட்டியாக ஒரு மாவுப் பூச்சு, முனையெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். அவன் ஓவனில் வைத்து எடுத்தபோது அந்தப் பூச்சு முழுக்க மொறுமொறுப்பாகியிருந்தது, கடிக்கிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. கிழங்கைக் கட்டி வைத்திருக்கிற பெக்டின் சோடாவில் சீக்கிரம் கரையுமாம். வினிகர் விட்டால் இதற்கு எதிர், துண்டு குலையாமல் நிற்கும். இப்போது சொல்லுங்கள், மாவு வேண்டுமா வேண்டாமா?

பதிவு 6 (பதிவு 3 எழுதியவர்)

உங்களுடையது வெந்து கூழான மாவு. அது துண்டோடு பிடித்துக்கொண்டு, ஈரம் போனதும் ஓடாக இறுகிவிடும். நான் அலசச் சொன்னது வேகாத மாவை, பச்சையாக நறுக்கி நேரே வாணலியில் போடுகிறவர்களுக்கு. தம்பி வடித்த பிறகு கொஞ்ச நேரம் ஆவி போக விட்டாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.