அவசரம்: ஏஐ குரலில் நடுநடுவே வார்த்தை உடைகிறது, என்ன செய்வது?

வரப்போரம் | வியாழன், காலை 5:48

வணக்கம். என் விவசாயக் கட்டுரைகளை ஏஐ குரலில் படிக்கவைத்து பாட்காஸ்ட்டாகப் போட்டு வருகிறேன். இதுவரை நன்றாகத்தான் வந்தது. இப்போது நடுநடுவே வார்த்தை உடைகிறது, சில இடத்தில் முழுங்கிவிடுகிறது. பெண் குரலை மாற்றி ஆண் குரல் வைத்தும் பார்த்தேன், அதே கதை. நாளைக் காலைக்குள் அடுத்த பகுதி போயாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி | காலை 6:20

எந்தச் சேவை? இணையப் பக்கத்தில் ஒட்டி எடுக்கிறீர்களா, ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) வைத்து எடுக்கிறீர்களா? கட்டுரை எவ்வளவு நீளம்? கோப்பு எம்பி3யா, வேவா? உடைந்த வார்த்தை ஒன்றையாவது எழுதிக் காட்டுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன மருந்து எழுதுவார்?

என் ஊகம்: எம்பி3 துண்டுகளை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். எம்பி3 ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். ஒட்டும் இடத்தில் அது விக்கல் மாதிரி கேட்கும். சுருக்காத வேவ் கோப்பாக எடுத்து, ஒட்டி முடித்த பிறகு கடைசியில் ஒரே ஒரு தடவை எம்பி3 ஆக்குங்கள்.

குறில்நெடில் | காலை 6:41

ஒலியில் தேடாதீர்கள், எழுத்தில் தேடுங்கள். "கொ"வில் வரும் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், இயந்திரத்துக்கு இல்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரை என்றால் இது இருக்க வாய்ப்பு உண்டு. இப்படிப் பிரிந்ததை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி முறையில் ஒருதடவை சீராக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. "எ" என்று நினைத்துத் தமிழ் எண் ஏழைத் தட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரையில் "௭ன்ன" என்று சமத்தாக உட்கார்ந்திருக்கும். குரல் அங்கே "ஏழு" என்று படித்தால் குரல் மேல் தப்பில்லை.

பழையபைத்தான் | காலை 7:05

வாராவாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடல் பெட்டி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பைட்டுக்கும் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. உதாரணத்துக்கு, கூகுள் கிளவுட் பேச்சுச் சேவையில் ஒரு கோரிக்கைக்கு 5,000 பைட்தான் அனுமதி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். "மி" என்பதே மகரமும் இகரக் குறியும் சேர்ந்தது, ஆக ஆறு பைட். வரம்பைத் தாண்டுகிறீர்கள், அதனால் உடைகிறது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நெசவு | காலை 7:32

வரம்பைத் தாண்டினால் பிழைச் செய்தி அல்லவா வரும்? வார்த்தை எப்படி உடையும்?

வரப்போரம், ஒரு உதவி. ஆடியோவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடியில் உடைகிறது என்று மட்டும் குறித்துப் போடுங்கள்.

நாற்றங்கால் | காலை 8:15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஏன் தம்பி, விவசாயம் பற்றி எழுதும் உங்களுக்கு வாய் இல்லையா? சொந்தக் குரலில் பேசிவிட்டுப் போங்களேன். 1960களில் ஏடிடி 27 நெல்லைத் திருச்சி வானொலி சொல்லித்தான் தஞ்சாவூர்க்காரர்கள் நட்டார்கள். அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் விழுந்தது. அது மனிதன் பேசிய பேச்சு. இயந்திரம் சொல்லி யார் நடுவார்கள்?

இரவுப்பணி | காலை 8:40

ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் வானொலியில் ஒருவர் எழுதுவார், ஒருவர் படிப்பார், ஒருவர் பதிவு செய்வார். இங்கே மூன்றும் ஒரே ஆள், நடுவில் வயல் வேலை வேறு. 15 நிமிடம் தடுமாறாமல் படித்துப் பதிவு செய்ய எனக்கு ஒரு ராத்திரி போனது. தெருநாய், பக்கத்து வீட்டு மோட்டார், குக்கர் விசில் என்று நான்கு தடவை திரும்ப எடுத்தேன்.

வரப்போரம் | பகல் 12:50

மன்னிக்கவும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தேன். (நாற்றங்கால் ஐயா, உங்களுக்கு இல்லை!)

கிளவுட் சேவை ஒன்றுதான். பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள் என்று விட்டேன். அதிலும் 5000 என்று ஏதோ வரம்பு போட்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் என் அக்கா மகன் எழுதிக் கொடுத்தது. எனக்கு அதில் எதுவும் தெரியாது, கட்டுரையைப் போட்டால் ஆடியோ வரும்.

உடையும் இடங்கள்: 1:52, 3:47, 5:40, 7:36.

1:52-ல் "கொழுஞ்சி" என்ற செடியின் பெயர் "க", ஒரு சின்ன அமைதி, அப்புறம் "ழுஞ்சி" என்று வருகிறது. 5:40-ல் வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று எழுதியிருந்தேன். குரல் "மூன்று" என்று நிறுத்தி, பிறகு "பூஜ்யம் பூஜ்யம் மில்லி" என்கிறது. பகுதியைக் கேட்டுவிட்டு ஒருவர் போன் செய்து, "அண்ணே, மூணு மில்லி போதுமா, மருந்துக் கணக்கா இருக்கே?" என்றார். உடனே அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

ஒலிப்பெட்டி | பகல் 1:04

முன்பெல்லாம் நன்றாக வந்தது என்றீர்களே, அந்தக் கட்டுரைகள் எவ்வளவு நீளம்?

வரப்போரம் | பகல் 1:10

ஓ, அதைச் சொல்லவில்லையா. அவையெல்லாம் சின்னக் குறிப்புகள், ஒன்றரை நிமிடம் வரும். இது குறுவை பற்றி முழுக் கட்டுரை. முதலில் பிழை என்று ஏதோ சிவப்பில் வந்தது. அக்கா மகன் பெங்களூரிலிருந்து போனிலேயே ஒரு எண்ணை 1600 என்று மாற்றச் சொன்னான். மாற்றினேன், ஓடியது.

நெசவு | பகல் 1:31

இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் காலைக் காப்பிக்குள் முடிந்திருக்கும்!

இடைவெளியைப் பாருங்கள்: 1:52, 1:55, 1:53, 1:56. குரலில் கோளாறு என்றால் இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. ஸ்கிரிப்ட் கட்டுரையை 1600 குறியீட்டுக்கு ஒரு துண்டாக வெட்டுகிறது. 1600ஐ மூன்றால் பெருக்கினால் 4,800 பைட், வரம்புக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் பிழைச் செய்தி நின்றது. ஆனால் கத்தி எங்கே விழுகிறது என்று அது பார்ப்பதில்லை. "கொழுஞ்சி"யில் ககரத்துக்கும் ஒகரக் குறிக்கும் நடுவே விழுந்திருக்கிறது. முதல் துண்டின் கடைசியில் "க", அடுத்த துண்டின் தலையில் ஆளில்லாத ஒகரக் குறியோடு "ழுஞ்சி". 300-ல் மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே வெட்டு. 3:47-ஐயும் 7:36-ஐயும் கேட்டுப் பாருங்கள். வார்த்தை தப்பித்திருந்தாலும் அங்கே குரல் வாக்கியம் முடிந்த மாதிரி தாழ்ந்து, மறுபடி புதிதாக எழும். ஒவ்வொரு துண்டும் அதற்குத் தனிக் கட்டுரை.

செய்ய வேண்டியது: எண்ணி வெட்டாமல், வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, அடுத்ததைச் சேர்த்தால் 4,500 பைட்டைத் தாண்டும் என்றால் அங்கே நிறுத்தி அனுப்ப வேண்டும். அக்கா மகனுக்கு இது பத்து வரி வேலை.

இதில் ஒரு பள்ளம் உண்டு. புள்ளியைப் பார்த்து வாக்கியம் முடிந்தது என்று எடுத்தால் "மி.லி.", "ஏ.டி.டி. 43", "2.5 கிலோ" எல்லாம் நடுவே வெட்டுப்படும். அதனால் வெட்டுவதற்கு முன் அவற்றை விரித்துவிடுங்கள்.

பழையபைத்தான் | பகல் 1:45

பைட் பிரச்சினை என்று காலை 7:05-க்கே நான் சொல்லியாயிற்று.

நெசவு | பகல் 1:49

நீங்கள் சொன்னது வரம்பு மீறல். இங்கே வரம்பு மீறவில்லை.

பழையபைத்தான் | பகல் 1:52

வரம்பு இல்லையென்றால் வெட்டவே தேவையில்லை. மூலகாரணம் நான் சொன்னதுதான். பெயர் யாருக்கு வேண்டும்.

இரவுப்பணி | பகல் 1:53

1:52-க்கு இங்கேயும் உடைகிறது.

ஒலிப்பெட்டி | பகல் 2:20

நெசவு சொன்னது சரி, என் எம்பி3 ஊகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் வேவாக எடுத்து ஒட்டுங்கள், துண்டுக்குத் துண்டு அரை வினாடி அமைதி விடுங்கள். கடைசியில் சத்த அளவை மைனஸ் 16 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவாருங்கள், ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைப்பது அதுதான். ஆடாசிட்டி மென்பொருளில் இலவசமாகவே முடியும். டிராக்டரில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சின்னச் சத்தம் காதில் ஏறாது.

விரிப்பது பற்றி: கட்டுரையில் கை வைக்காதீர்கள். படிக்கும் பிரதி என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்" என்பதில் ஒட்டிய "-ல்" தனியாகத் தொங்கும். "ஜூன் பன்னிரண்டாம் தேதி" என்று எழுதுங்கள். "15-20 நாள்" என்பதைப் "பதினைந்து முதல் இருபது நாள் வரை" என்று ஆக்குங்கள். மருந்தளவு, உர அளவு எல்லாவற்றையும் எழுத்தால் எழுதுங்கள். "படம்: நடவு வயல்", "மேலும் படிக்க" போன்றவற்றை எடுத்துவிடுங்கள். என் முதல் பகுதியில் குரல் மிக அக்கறையாக "இங்கே சொடுக்கவும்" என்றது.

வரப்போரம் | பகல் 2:41

நெசவு சார், ஒலிப்பெட்டி சார், மிக்க நன்றி. அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். சின்னச் சந்தேகம் ஒன்று: "கோமியம்" என்பதைக் "கோவில்" மாதிரி அழுத்திச் சொல்கிறது. அதற்கு வழி உண்டா?

குறில்நெடில் | பகல் 3:02

அது எழுத்துப் பிரச்சினையும் இல்லை, இயந்திரப் பிரச்சினையும் இல்லை. தமிழில் ஒரு ககரம்தான். பக்கம், தங்கம், அகம், மூன்றிலும் அதே எழுத்து, இடத்தைப் பார்த்து ஒலி மாறுகிறது. தமிழ்ச் சொல்லுக்கு இந்த விதியே போதும். கோமியம் வடமொழி, முதலெழுத்தே அதிர்ந்து வருவது. மாட்டுச் சிறுநீர் என்று எழுதுங்கள், தீர்ந்தது.

இரவுப்பணி | பகல் 3:15

எங்கள் ஊரில் போய் மாட்டுச் சிறுநீர் என்று சொல்லிப் பாருங்கள், கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்கள். கேட்கிறவன் வாயில் இருக்கும் சொல்லைத்தான் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஜீவாமிர்தத்தை என்ன செய்வீர்கள்?

குறில்நெடில் | பகல் 3:21

உயிரமுது.

இரவுப்பணி | பகல் 3:24

இருநூறு லிட்டர் டிரம்மில் 10 கிலோ சாணியும் 2 கிலோ வெல்லமும் கரைத்துக் கலக்குகிறவரிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

யாழ்செவி | பகல் 3:50

கோமியத்துக்கு என்னுடைய வழி: எப்படிப் படிக்க வேணும் என்று குரலுக்குச் சொல்லுற எஸ்எஸ்எம்எல் குறிகளில் ஒலிப்பைத் தனியாகக் குறிக்க இடம் இருக்குது, உங்கட சேவை அதை ஏற்குதா என்று பாருங்கோ. இல்லாவிட்டால் வேற குரல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கோ. மைக்ரோசாஃப்ட் அஷூரில இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு நாட்டுக்கும் தமிழ்க் குரல் தனித்தனியா இருக்குது. இலங்கைக்குச் சரண்யா, குமார். ஒரே சொல்லைக் குரலுக்குக் குரல் வேற மாதிரிச் சொல்லலாம்.

நாற்றங்கால் | மாலை 4:30

நான்கு நாட்டுக் குரலும் இருக்கட்டும். "போடணும்" என்று நாம் பேசுவதை அது ஒழுங்காகச் சொல்லுமா? "இட வேண்டும்" என்று அறிக்கை படிக்கிற மாதிரிச் சொன்னால் வயல்காரன் தூங்கிவிடுவான்.

ஒலிப்பெட்டி | மாலை 4:52

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச்சுத் தமிழை எழுத ஆளுக்கொரு முறை, அதில்தான் குரல் அதிகம் தடுமாறும். நான் நடுவழி எடுத்தேன். எழுத்துத் தமிழ்தான், ஆனால் வாக்கியம் எட்டு வார்த்தைக்கு மேல் போகாது. தொடக்கத்தில் அரை நிமிடம் மட்டும் என் குரலில் பேசி, மீதியை ஏஐ குரல் படிக்கிறது என்று சொல்லிவிடுவேன். கேட்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பழையபைத்தான் | மாலை 5:10

இழை தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டது. பூட்டிவிடலாம்.

வரப்போரம் | வெள்ளி, காலை 5:20

அவன் ராத்திரியே மாற்றிக் கொடுத்துவிட்டான். முழுவதும் கேட்டேன், ஒரு இடத்திலும் உடையவில்லை. "முந்நூறு மில்லி" என்று எழுத்தால் எழுதினேன், தெளிவாகச் சொல்கிறது. போன் செய்தவருக்கு முதலில் அனுப்பிவிட்டேன். கோமியம் இன்னும் கோவிலாகத்தான் இருக்கிறது. நாற்றுப் பறியல் ஆட்கள் வந்துவிட்டார்கள், வருகிறேன்.

நெசவு | வெள்ளி, காலை 7:02

நல்லது. அந்தப் பத்து வரியை இங்கே ஒட்டிவிட்டுப் போனால் அடுத்து வருபவருக்கு உதவும்.

கிணற்றடி | 5 மாதம் கழித்து

எனக்கும் இதே பிரச்சினை. 2:10, 4:19, 6:31. வரப்போரம் சார், அந்த ஸ்கிரிப்ட் கிடைக்குமா?