பாஸ்டனுக்குப் புதுசு, பீன்பாட் ஹாக்கிக்குக் கூப்பிடுறாங்க: எந்தச் சட்டை, எவ்வளவு கலாய்க்கலாம்?

கேள்வி: ஆபீஸ்ல ரெண்டு பேர் என்னையும் பீன்பாட் பார்க்கக் கூப்பிடுறாங்க. ஒருத்தர் பி.யூ. (பாஸ்டன் யுனிவர்சிட்டி), இன்னொருத்தர் பி.சி. (பாஸ்டன் காலேஜ்). ரெண்டு பேருக்கும் எப்பவும் வாய்ச்சண்டைதான். எனக்கு ஐஸ் ஹாக்கி சுத்தமா தெரியாது. யார் பக்கம் சேர்றது?

பதில்: யார் பக்கம்னாலும் சேருங்க, ஆனா ஒரு பக்கம் சேருங்க. "ரெண்டும் ஓகே"ன்னு நடுவில உட்கார்ந்தா ரெண்டு பேருக்குமே சப்புன்னு இருக்கும். பாஸ்டன் யுனிவர்சிட்டி, பாஸ்டன் காலேஜ், ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் நாலும் மோதுற போட்டி இது. 1952ல இருந்து நடக்குது. பிப்ரவரியின் முதல் ரெண்டு திங்கட்கிழமை, டிடி கார்டன் அரங்கத்துல. முதல் திங்கள் ரெண்டு அரையிறுதி. அடுத்த திங்கள் தோத்தவங்களுக்கு மூணாம் இட ஆட்டம், அப்புறம் ஃபைனல். ரெண்டாவது ஆட்டம் முடிய ராத்திரி பத்து மணி தாண்டிடலாம், செவ்வாய் காலை மீட்டிங் வைக்காதீங்க.

சட்டை விஷயத்துலதான் புதுசா வர்றவங்க மாட்டுவாங்க. பி.யூ. சிவப்பு-வெள்ளை, நார்த்ஈஸ்டர்ன் சிவப்பு-கறுப்பு, ஹார்வர்ட் அடர்சிவப்பு, பி.சி. அரக்கு-தங்கம். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுட்டு பி.சி.காரர் பக்கத்துல உட்கார்ந்தா, நீங்க சொல்லாமலே கட்சி மாறிட்டீங்க. இன்னும் முடிவு பண்ணலைன்னா சாம்பல் நிறம் போதும்.

இன்னொண்ணு: பி.யூ. மாணவர்கள் பி.சி.யைத் திட்டுற கோஷத்தை, எதிர்ல ஹார்வர்ட் ஆடினாலும் போடுவாங்க. ரெண்டு காலேஜும் ஒரே காமன்வெல்த் அவென்யூல, ஒரே கிரீன் லைன் பி ரயில்ல இருக்கு. அக்கம்பக்கத்துச் சண்டைங்க அது, கோபமில்லை.

பதில்: மேல சொன்னது சரி. எல்லை எங்கேன்னு நான் சொல்றேன். கோல் விழுந்ததும் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து "சீவ்! சீவ்!"னு, அதாவது சல்லடைன்னு கத்துவாங்க. நீங்களும் கத்தலாம். கையை நீட்டிக் காட்டுறதுகூட வழக்கம்தான். ஆனா அடிபட்டு ஒரு பையன் ஐஸ்ல கிடந்தா அரங்கமே அடங்கிடும். எழுந்து போறப்ப எதிரணி ரசிகர்களும் கை தட்டுவாங்க. அந்த நேரம் சிரிச்சுடாதீங்க, போனைத் தூக்கிப் படமும் எடுக்காதீங்க. ஆடுறது இருபது வயசுப் பசங்க, அவங்க அம்மா அப்பா உங்க பின்வரிசையிலயே இருக்கலாம்.

"சண்டை எப்போ வரும்?"னு கேட்காதீங்க. கேட்டா டிவியில என்.எச்.எல். (தொழில்முறை ஹாக்கி லீக்) மட்டும் பார்த்தவர்னு தெரிஞ்சுடும். காலேஜ் ஹாக்கியில கைகலப்புன்னா அந்த ஆட்டத்துல இருந்து வெளியே, அடுத்த ஆட்டமும் கிடையாது.

உட்கார்ந்த இடத்துல இருந்து எழுந்திருக்கிறதுக்கும் முறை இருக்கு. ஆட்டம் ஓடும்போது வரிசையைத் தாண்டிப் போனா எல்லார் பார்வையையும் மறைப்பீங்க. விசில் அடிச்சு ஆட்டம் நின்னதும் போங்க. திரும்பி வரும்போதும் அடுத்த விசில் வரை படிக்கட்டுலயே நிறுத்தி வைப்பாங்க. 20 நிமிஷம் வீதம் மூணு பீரியட், நடுவில ரெண்டு இடைவேளை. சாப்பாட்டுக்கு வரிசை நீளம், அதனால பீரியட் முடியுற கடைசி நிமிஷத்துல கிளம்பாதீங்க, அப்போதான் கோல் விழும். பேக்பேக் கொண்டுபோகாதீங்க, உள்ளே விடமாட்டாங்க.

பதில்: சைவம்னா முன்னாடியே சாப்பிட்டுப் போயிடுங்க. ஜெயிச்சவர் தோத்தவருக்கு ட்ரீட் தரணுமா, இல்ல தோத்தவர் ஜெயிச்சவருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாலேயே பேசிக்கோங்க. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு அணியும் வரிசையா வந்து கை குலுக்குவாங்க. அதுவரை இருந்துட்டு, தோத்தவரிடம் "குட் கேம்" சொல்லி நிறுத்திக்கோங்க. ரயில்ல கிண்டல் வேண்டாம், மறுநாள் ஆபீஸ்ல அவரே ஆரம்பிப்பார். அணியை, ஸ்கோரைக் கலாய்க்கலாம். தப்பு பண்ண பையனைப் பேர் சொல்லி வேண்டாம்.

1978 பிப்ரவரி 6 பீன்பாட் ராத்திரி பனிப்புயல்ல பழைய பாஸ்டன் கார்டன் அரங்கத்துலயே பலர் மாட்டிக்கிட்டாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் ஹாட் டாக்தான் கதி. அந்தக் கதையை அவங்ககிட்ட எடுத்து விடுங்க, ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுச் சொல்வாங்க.

ஃபைனலுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி ஒத்திகை வேணும்னா, சீசன் அக்டோபர்லயே தொடங்கிடும். பி.யூ.வோட அரங்கம் அகானிஸ் அரீனாவுக்கும் பி.சி.யோட அரங்கம் கான்டி ஃபோரமுக்கும் கிரீன் லைன்லயே போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆட்டம் பார்த்துடுங்க. தடிமனான சாக்ஸ் போட்டுப் போங்க, காலுக்குத்தான் முதல்ல குளிரும்.