மாடி ஆண்டெனா: மொரிஷியஸ்ல இருக்கற ஒரு குடும்ப குரூப்ல நடந்த பேச்சு

தம்பி ரோஸ்ஹில்: சித்தப்பா, மாடியில ஹெச்எஃப் (சிற்றலை ரேடியோ) ஆண்டெனாவுக்கு 6 மீட்டர் ஜிஐ பைப் நிறுத்தப்போறேன், நவம்பர்ல சைக்ளோன் சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சாகணும். இழுத்துக் கட்ட பச்சை பிளாஸ்டிக் போட்ட கம்பி, துணி காயப்போடுவாங்களே அது, அப்புறம் பளபளன்னு ஷேக்கிள் (கம்பியை மாட்டற, குறுக்க ஆணி போட்ட யூ வளையம்), ரெண்டும் கடையில பாத்தேன். வாங்கிடவா?

சித்தப்பா மயேபூர்: ரெண்டும் வேணாம்யா. அந்த பிளாஸ்டிக்குள்ள உப்புத்தண்ணி இறங்கிடுச்சுன்னா வெளிய பச்சையாவே இருக்கும் உள்ள துரு தின்னுக்கிட்டே போகும், அறுந்தாதான் தெரியும். பளபளன்னு இருக்கறது மெல்லிசா துத்தநாகம் பூசினது, பெரும்பாலும் 10 மைக்ரான்தான் வரும். ஹாட் டிப், அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்ததுன்னா சாம்பல் கலர்ல சொரசொரன்னு இருக்கும், அதுல 50 மைக்ரான் வரைக்கும் ஏன் அதுக்கு மேலயும் இருக்கும். கடல்காத்துல அந்த வித்தியாசம்தான் ஆயுசு

தம்பி ரோஸ்ஹில்: அப்போ எவர்சில்வர்ல வாங்கிடறேன், காந்தம் ஒட்டலைன்னா நல்லதுதானே?

சித்தப்பா மயேபூர்: காந்தத்தை நம்பாத. எவர்சில்வர்ல 304, 316னு ரெண்டு ரகம், ரெண்டுலயும் சரியா ஒட்டாது. 316ல 2-3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கு, உப்பை அதுதான் தாங்கும். போல்ட் தலையில ஏ4னு அடிச்சிருந்தா 316, ஏ2ன்னா 304. படகு சாமான் விக்கற கடையில கேளு. விலை கூடதான், ஆனா பைப்பு தானா எங்க விழுது, விழறதெல்லாம் இந்த சின்ன சாமான் விட்டுப்போறதாலதான்

அத்தான்: மேல்மாடி கட்ட விட்ட கம்பி நாலு மூலையிலயும் நீட்டிக்கிட்டுதானே இருக்கு, அதுலயே கட்டிடலாமே

சித்தப்பா மயேபூர்: ஐயோ அது மட்டும் வேணாம் மாப்ள. கம்பி கான்கிரீட்ல இருந்து வெளிய வர்ற அந்த இடத்தை விரலால தேய்ச்சுப் பாருங்க, செதில் செதிலா உதிரும். மேல தடியா தெரியும், அடியில பாதி கரைஞ்சிருக்கும். ஸ்லாப்ல துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள்ள இறுகிப் பிடிக்கற பசை) வச்சு ஐ போல்ட் (தலையில வளையம் இருக்கற போல்ட்) மாட்டணும், வளையம் முழுசா மூடினதா இருக்கணும், சும்மா வளைச்சு விட்டது இழுத்தா விரிஞ்சுடும்

அக்கா: டேய் பின்பக்கம் சிஇபி கரன்ட் லைன் போகுது, அதை யாராவது யோசிச்சீங்களா

சித்தப்பா மயேபூர்: நல்லா கேட்டம்மா. பைப் எந்தப்பக்கம் சாஞ்சாலும், ஆண்டெனா கம்பி அறுந்து பறந்தாலும் லைனைத் தொடக்கூடாது. தொடும்னா அந்த இடமே வேணாம், முன்பக்கம் மாத்து

சித்தப்பா மயேபூர்: இன்னொண்ணு. கம்பி மடிக்கற இடத்துல திம்பிள் (மடிப்புக்குள்ள வைக்கற இரும்பு வளைவு) கட்டாயம் போடு. மடிச்ச கம்பியை இறுக்கற யூ கிளிப் போடறப்ப அதோட சேணம் (நட்டு உக்கார்ற கட்டை) பாரம் தாங்கற கம்பி மேல உக்காரணும், யூ வளைவு வெட்டின நுனி பக்கம் வரணும், மாத்திப் போட்டா தாங்கற கம்பியையே நசுக்கிடும். கம்பி இழுபட்ட பிறகு நட்டு லூஸாகும், திரும்ப ஒரு தடவை முறுக்கு. டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கற சாமான்) கொக்கி வச்சது வேணாம், ரெண்டு பக்கமும் மூடினது வாங்கு, நடுவுல எவர்சில்வர் கம்பி ஓட்டி கட்டிடு இல்லன்னா காத்து அதிர்வுலயே கழண்டுக்கிட்டு வரும். மரைக்கு ஆன்ட்டி சீஸ் பசை தடவு, எவர்சில்வர் மரை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டா அறுக்கத்தான் வேணும்

தம்பி ரோஸ்ஹில்: ஆண்டெனா நுனி கட்ட வீட்ல நீலக்கயிறு இருக்கு

சித்தப்பா மயேபூர்: அது பாலிப்ரோப்பிலீன், வெயில்ல பொடிஞ்சுடும். பாலியெஸ்டர் கயிறு வாங்கு. நைலானும் வேணாம், நனைஞ்சா நீளும்

அத்தான்: இவ்ளோ பண்ணா சைக்ளோனுக்கு நிக்குமா மாமா?

சித்தப்பா மயேபூர்: நிக்கவே வைக்கக்கூடாது. காத்து மணிக்கு 120 கிலோமீட்டர்ல இருந்து 240 ஆனா விசை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. 1975ல ஜெர்வேஸ் சைக்ளோன்ல இங்க காத்து 280 வரைக்கும் அடிச்சுது. அடியில கீல் வச்சு மாட்டு, கிளாஸ் 2 சைக்ளோன் எச்சரிக்கை சொன்னதும் படுக்க வச்சு கட்டிடு. மழை இல்லாத மாசத்துல நல்ல தண்ணி அடிச்சு ஷேக்கிள் எல்லாம் கழுவு, துருக்கறை எங்க இருந்து வழியுதுன்னு பாரு, ஒரு இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாத்து

தம்பி ரோஸ்ஹில்: சரி சித்தப்பா, நாளைக்கு படகு சாமான் கடைக்குப் போய் போட்டோ அனுப்பறேன்

சித்தப்பா மயேபூர்: ஷேக்கிள் உடம்புல எவ்ளோ பாரம் தாங்கும்னு எண் பொறிச்சிருக்கும், அது தெரியற மாதிரி எடு. எண்ணே இல்லன்னா வாங்காத