பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் பிறந்தநாள் எது? கணக்கு உதைக்கிறதே

மருதாணி (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் பெய்ஜிங் பல்கலைக்கழகம் பற்றி அரை மணி நேரம் பேசுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் எதுவும் எதோடும் பொருந்தவில்லை. தொடங்கியது 1898 கோடையில் என்கிறார்கள். ஆண்டு விழாவோ மே 4. பழைய படங்களில் நகரின் நடுவே ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம்; இன்றைய படங்களில் நகருக்கு வடமேற்கே ஓர் ஏரியும் அடுக்குக் கோபுரமும். அந்த ஏரிக்கரை வளாகத்தை எழுப்பியவர்கள் அமெரிக்க மிஷனரிகள் என்று வேறோரிடத்தில் படித்தேன். பேரரசர் ஆணையிட்டுத் தொடங்கிய பல்கலைக்கழகம் மிஷனரி வளாகத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இரண்டு பல்கலைக்கழகங்களை ஒன்றென்று குழப்பிக்கொள்கிறேனா?

நீலவானம்

குழப்பமே இல்லை. 1952-இல் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார்கள். நீங்கள் படித்த மிஷனரி வளாகம் யென்சிங் பல்கலைக்கழகத்துடையது. அதைக் கலைத்து, அதன் வளாகத்தைப் பெய்ஜிங் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பழைய பிழைதிருத்தி

'அவ்வளவுதான்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிவப்பு மைப் பேனா தேடத் தோன்றும். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். சீனாவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் சீன வரலாற்று நூல் ஒன்று என் மேசைக்கு நான்கு முறை மெய்ப்புக்கு வந்தது. அப்போது பிடித்த பைத்தியம் இது.

தேதியிலிருந்து தொடங்குவோம். 1898-இல் குவாங்சு பேரரசர் சீர்திருத்த ஆணைகளை அடுக்கடுக்காக வெளியிட்டார். நூறு நாள் சொச்சத்தில் பேரரசி அன்னை ட்சூ சி அவரை வீட்டுக்காவலில் வைத்துவிட்டார். பெரும்பாலான ஆணைகள் குப்பைக்குப் போயின. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டில் இந்தக் கல்விக்கூடமும் ஒன்று. 1900-இல், வெளிநாட்டவரை எதிர்த்து வெடித்த பாக்ஸர் கலவரத்தில் மூடிவிட்டார்கள், 1902 டிசம்பர் 17-இல் மறுபடியும் திறந்தார்கள். நெடுங்காலம் அந்த டிசம்பர் 17-ஐத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடினார்கள். மே 4-க்கு மாற்றியது 1950-களில். 1919 மே 4-இல், ஜெர்மனியிடமிருந்த ஷான்டோங் உரிமைகளை வெர்சாய் மாநாடு ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்ததை எதிர்த்து மாணவர்கள் தியானன்மென்னில் திரண்டார்கள். முன்னணியில் நின்றது இந்தப் பல்கலைக்கழகம். ஆக, பிறந்த நாளைவிட்டு, தெருவில் இறங்கிய நாளைப் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்கள். பிழைதிருத்தியாக எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் அது அவர்கள் வீட்டுப் பிள்ளை.

நீங்கள் சொல்லும் சிவப்புக் கட்டடம் ஹோங்லோ. அரண்மனைக்குக் கிழக்கே ஷாதான் பகுதியில் 1918-இல் எழுந்தது. மாணவர் விடுதிக்கென்று கட்டத் தொடங்கி, நூலகமும் கலைப்பிரிவும் குடியேறிய இடம். அப்போது தலைவர் சாய் யுவான்பெய். அவர் ஆசிரியர்களைச் சேர்த்த விதத்தைப் பாருங்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சென் துஷியூ கலைப்பிரிவுத் தலைவர். மன்னராட்சியே வேண்டுமென்று, குடியரசு வந்த பிறகும் மன்னராட்சிக் காலத்துத் தலைப்பின்னலை வெட்டாமல் திரிந்த, பினாங்கில் பிறந்த கூ ஹோங்மிங் ஆங்கில இலக்கிய ஆசிரியர். இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் சம்பளம்! இந்தியத் தத்துவம் நடத்த வந்த லியாங் ஷுமிங் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. வயது இருபத்து நான்கு.

இனி வளாகம். ஹோங்லோ நூலகத்தில் மாதம் 8 யுவான் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர் இருந்தார். நாளிதழ் படிக்க வருகிறவர்களின் பெயரைப் பதிவு செய்வது அவர் வேலை. பெரிய மனிதர்கள் அவரை மனிதனாகவே மதிக்கவில்லையாம். அவர் மா சேதுங். இந்தக் குறையை 1936-இல் அவர் சொன்னது எட்கர் ஸ்னோ என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம். அந்த ஸ்னோ அதற்குச் சற்று முன்பு யென்சிங்கில் இதழியல் கற்பித்தவர். இறந்த பின் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை யென்சிங் ஏரிக்கரையில் புதைத்தார்கள். அதற்குள் அந்த ஏரி பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகியிருந்தது. உங்கள் உரைக்கு இந்த ஒரு கண்ணி போதும், இரண்டு வளாகமும் இணைந்துவிடும்.

1952 வெறும் வீடு மாற்றமும் அல்ல. பொறியியல், பெய்ஜிங்கிலேயே உள்ள ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குப் போனது. ட்சிங்ஹுவாவின் கலையும் அறிவியலும் இங்கே வந்தன. மருத்துவம் தனிக் கல்லூரியானது. 2015-இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூ 1951-இல் சேர்ந்தபோது பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவி. 1955-இல் பட்டம் பெற்றபோது பெய்ஜிங் மருத்துவக் கல்லூரி மாணவி. 2000-இல் அந்த மருத்துவ நிறுவனம் தாய்வீட்டோடு மறுபடியும் இணைந்தது. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்காமல் இந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அச்சேற்றக் கூடாது.

ஹாய்தியன் வாசி

ஐயாவின் பதிலுக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது ஏரி மட்டுமே. இதே பகுதியில் வேலை செய்தபோது பார்த்திருக்கிறேன். ஏரியின் பெயர் வெய்மிங், அதாவது 'பெயரிடாதது'. கோபுரம் உண்மையில் தண்ணீர்த் தொட்டி. 1924-இல் பழைய பகோடா ஒன்றின் சாயலில் கட்டியது. கோபுரம் 'தா', ஏரி 'ஹூ', நூலகத்தின் முதல் எழுத்து 'தூ'. ஒன்று என்பதற்கான 'யி'யை முன்னால் சேர்த்து 'யி தா ஹூ தூ' என்பார்கள். அதே ஒலியில் இன்னொரு தொடர் இருக்கிறது. அதன் பொருள் 'எல்லாம் அலங்கோலம்'. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் மாணவர்கள் அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள்.

மருதாணி

இருவருக்கும் நன்றி. ஐயா, இடையில் போர்க்காலம் விட்டுப்போயிற்றே? 1937 முதல் 1946 வரை என் குறிப்பில் 'குன்மிங்' என்று மட்டும் இருக்கிறது.

பழைய பிழைதிருத்தி

விட்டது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியப் படை வந்ததும் பெய்ஜிங், ட்சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் முதலில் சாங்ஷா நகருக்கும், 1938-இல் தென்மேற்கே குன்மிங் நகருக்கும் போய் ஒரே பல்கலைக்கழகமாக இயங்கின. முந்நூறு பேர் அளவில் நடந்தே போனார்கள். தகரக் கூரை வகுப்பறைகள். மழை வலுத்தால் பாடம் காதில் விழாது. யாங் சென்னிங்கும் லீ ட்சுங்-தாவும் அங்கே படித்தவர்கள். 1957-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அரை மணி நேரத்தில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேச முடியுமென்றால், ஜி ஷியன்லினைப் பற்றிப் பேசுங்கள். ஜெர்மனியில் பத்து ஆண்டுகள் இருந்து சமஸ்கிருதம் கற்றவர். 1946-இல் இங்கே கீழை மொழிகள் துறையைத் தொடங்கினார். கலாசாரப் புரட்சியில் அடித்து, 'மாட்டுத் தொழுவம்' என்று பெயரிட்ட கொட்டடியில் அடைத்தார்கள். பிறகு கொடுத்த வேலை மாணவர் விடுதியில் வாயிற்காவல். தொலைபேசி வந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும், கடிதம் வந்தால் எடுத்து வைக்க வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் 1973-இல் வால்மீகி ராமாயணத்தைச் சீன மொழியில் கவிதையாக்கத் தொடங்கினார். மூல நூலை வாயிலுக்குக் கொண்டுவரத் துணிவில்லை. இரவில் வீட்டில் மூலத்தைப் படித்து உரைநடையில் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். பகலில் காவலிருந்தபடியே அந்தச் சீட்டைப் பார்த்துக் கவிதையாக்குவார். 1977-இல் ஏழு காண்டமும் முடிந்தன. இப்படியொரு கையெழுத்துப் படி என் மேசைக்கு வந்திருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கும்பிட்டிருப்பேன்.

பின்னால் அவர் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவரானார். புதிதாகச் சேர வந்த மாணவர் ஒருவர், பழைய சட்டை போட்ட முதியவரைப் பார்த்து, 'பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டுப் பதிவு செய்யப் போனாராம். முதியவர் நெடுநேரம் அங்கேயே நின்றிருக்கிறார். மறுநாள் தொடக்க விழா மேடையில் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதுதான் மாணவருக்கு ஆள் யாரென்று தெரிந்தது. அங்கே காலங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. மெய்ப்புப் பார்க்க என்னிடம் மூலப்படி இல்லை.

மருதாணி

தலைப்பை மாற்றிவிட்டேன் ஐயா. 'வாயிற்காவலரின் ராமாயணம்'. தேதிகளைச் சரிபார்க்க உரையை இங்கேயே ஒட்டுகிறேன். சிவப்புப் பேனாவோடு வாருங்கள்.