இதயநல முகாமில் பெண்களுக்குத் தனி அமர்வு தேவையா?

ஆயர் ஈத்தாம் மகள்:
பினாங்கில் எங்கள் கோயில் மண்டபத்தில் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இதயநல முகாமில் பெண்களுக்கென ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டேன். "இதயம் எல்லாருக்கும் ஒன்றுதானே" என்று மறுத்துவிட்டார்கள். தைப்பூசத்திற்கு மறுநாள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த என் அம்மா, தாடையும் முதுகும் வலிக்கிறது என்று சொல்லி, ரவிக்கை நனைய வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார். அழைத்துச் சென்ற கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வந்தது மாரடைப்பு என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதே கிளினிக்கில் அப்பா ஒருமுறை நெஞ்சைத் தடவியதும் இசிஜி எடுத்திருக்கிறார்கள். இந்தப் பாரபட்சம் ஆராய்ச்சியிலேயே இருந்ததுதான். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று ஆராய்ந்து 1989இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்கள்.

பட்டர்வொர்த் மருந்தாளர்:
சகோதரி, உங்கள் அம்மாவுக்கு இசிஜி எடுக்காதது பெருந்தவறு. ஆனால் அது கிளினிக்கின் தவறு. பெண்களைத் தனியே உட்கார வைத்துப் பேசுவதால் அது திருந்தாது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வு, புகைபிடித்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஆண்களிடம் 90 விழுக்காட்டுக்கும் பெண்களிடம் 94 விழுக்காட்டுக்கும் பொறுப்பு என்று காட்டியது. பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி. தாடை, முதுகு என்றே சொல்லிக்கொண்டிருந்தால், நெஞ்சு அழுத்துகிற பெண் இது வேறு ஏதோ என்று வீட்டிலேயே படுத்துவிடுவார். அதுதான் என் அச்சம்.

ஆயர் ஈத்தாம் மகள்:
நெஞ்சுவலியை முதலில் சொல்ல வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன், அண்ணா. ஆனால் காரணிகள் ஒன்றாக இருப்பதால் அவை ஒரே அளவில் தாக்கும் என்று ஆகாது. நீரிழிவு, ஆணைவிடப் பெண்ணின் இதய அபாயத்தை விகித அளவில் கூடுதலாக உயர்த்துகிறது. நம் மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கர்ப்பகாலத்தில் வந்து பிரசவத்தோடு போய்விட்டதாக நாம் நினைக்கிற சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் பிற்கால இதயநோய்க்கு முன்னறிவிப்பு என்பதை அந்த ஒன்பதின் பட்டியல் சொல்லவில்லை. ஆஸ்பிரினையே பாருங்கள்: ஆண்களிடம் முதல் மாரடைப்பைக் குறைத்த அந்த மருந்தை ஏறத்தாழ 40,000 பெண்களிடம் சோதித்து 2005இல் முடிவு வந்தபோது, மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்திருந்தது. தனியாகப் பார்க்காமல் இது தெரிந்திருக்குமா?

பட்டர்வொர்த் மருந்தாளர்:
தெரிந்திருக்காது. கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிய கேள்வி முகாமின் படிவத்தில் இல்லை. அதைச் சேர்க்கும்படி நானே செயற்குழுவிடம் சொல்கிறேன். தனி அமர்வுக்கு மட்டும் இன்னும் உடன்படவில்லை.

பாயான் லெப்பாஸ் செவிலி:
அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு முடியாதபோது அவசர எண் 999ஐ அழைப்பதும் காரை எடுப்பதும் பெரும்பாலும் கணவரோ மகனோதான். "சமைத்த களைப்பு, சற்றுப் படு" என்று சொல்லி நேரத்தைப் போக்குவதும் அவர்கள்தான். பெண்களின் இதயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் அவசியம் பேசுங்கள், ஆனால் அந்த நேரத்தில் ஆண்களை எதற்காக வெளியே அனுப்ப வேண்டும்?

ஆயர் ஈத்தாம் மகள்:
அனுப்ப வேண்டாம். அப்பாவை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். நான் கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை அளவைக் குறித்து வைத்த பிங்க் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.