தாழ்த்திய ஸ்விஃப்டில் முன் டயர்களின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது

கேள்வி:
என் ஸ்விஃப்ட் காரில், அதன் உயரத்தை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டு 9,000 கி.மீ. ஓடியுள்ள நிலையில், முன் டயர்களின் வெளிப்புறப் பள்ளங்கள் புதிதுபோல் இருக்க, உள் ஓரம் மட்டும் வழுக்கையாகி நூல் தெரிகிறது. அலைன்மென்ட் அறிக்கையில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது) இருபுறமும் மைனஸ் 1.6 டிகிரி, டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சிவப்பில், அதாவது வரம்புக்கு வெளியே இருக்கிறது. இக்காரில் கேம்பரைத் திருத்த வழியில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். உண்மைதானா?

பதில் 1:
நூல் தெரியும் டயரை முதலில் கழற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையில் வெடித்தால் ஆபத்து. பழியைக் கேம்பர்மீது மட்டும் போட வேண்டாம். காரைத் தாழ்த்தும்போது ஸ்டீயரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் தண்டான டை ராடின் கோணம் மாறுவதால் டோவும் நகர்ந்துவிடுகிறது, ரப்பரை விரைவில் தின்பது பெரும்பாலும் அதுதான். டயரின் குறுக்கே உள்ளங்கையால் இருதிசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பப் பல்லாகத் தட்டினால் அது டோவின் வேலை.

பதில் 2:
கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளுடன் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக, நடுவில் மையம் விலகிய வட்டமுள்ள கேம்பர் போல்ட்டைப் போட்டால், ஏறத்தாழ ஒரு டிகிரிவரை திருத்த முடியும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால், கேம்பரை முதலில் முடித்து, டோவைக் கடைசியில் பூஜ்யத்துக்கு அருகில் வையுங்கள். தேய்ந்த பால் ஜாயின்ட்டோ (நக்கிளின் உருண்டை மூட்டு) கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷோ (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் மூட்டு) இருந்தால் இவ்வளவும் வீண்.

கேள்வி கேட்டவர்:
தடவிப் பார்த்தேன், ரம்பமேதான். இடப்பக்க புஷ்ஷும் கிழிந்திருக்கிறது.