சிப்ரோஃப்ளாக்சசினை நிறுத்தியும் குதிகால் வலி விடவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 66 வயது, மதுரை. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 5 மி.கி. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. காலை, இரவு கொடுத்தார்கள். நான்காம் நாளே இரண்டு குதிகாலுக்கும் மேலே தசைநார் தடித்து, தொட்டாலே சுளீரென்கிறது. வழக்கமான மூட்டு வலி இல்லை இது. விரல் மூட்டில் வீக்கமோ காலை விறைப்போ கூடவில்லை. படி இறங்கும்போதும் நுனிக்காலில் எம்பும்போதும்தான் உயிர் போகிறது.

60 வயதைத் தாண்டி ஸ்டீராய்டும் எடுப்பவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கால் தசைநார் அறுந்துபோகும் அபாயம் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008லேயே கட்டம் கட்டி எச்சரித்த விஷயம். சீட்டு எழுதும்போது ஸ்டீராய்டு பற்றி யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

மருந்தை உடனே நிறுத்தியாச்சு. ஐஸ் ஒத்தடம், செருப்புக்குள் ஹீல் பேட், நடையைக் குறைப்பது எல்லாம் செய்தாச்சு. ஸ்கேனில் கிழிசல் இல்லை, வீக்கம் மட்டும். ஆறு வாரமாகியும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் தசைநார் இன்னும் பலவீனமாகும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டோம்.

இதே நிலையிலிருந்து மீண்டவர்களோ பிசியோதெரபிஸ்ட்களோ சொல்லுங்கள்: குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை எந்தக் கட்டத்தில், எவ்வளவில் தொடங்கலாம்?